வெயில் வேலைக்குப் புதியவரா? சிறுநீரின் நிறத்தைப் படிக்கப் பழகுங்கள்

மே மாதத்தில் கட்டட வேலைக்கோ, டெலிவரி வண்டிக்கோ, உப்பளத்துக்கோ புதிதாகப் போகிற எல்லோருக்கும் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான்: "தண்ணி நிறைய குடி." எவ்வளவு என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. ஒரே சாரத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவருக்குச் சட்டை நனைந்து சொட்டும், இன்னொருவருக்கு நெற்றி மட்டும் ஈரமாகும். காலையில் நீராகாரம் குடித்து வந்தவருக்கும் வெறும் டீயோடு வந்தவருக்கும் தேவை ஒன்றல்ல. ஆனால் ஒவ்வொருவர் உடம்பும் தன் நீர்க் கணக்கை ஒரு நாளில் பல முறை வெளியே காட்டிவிடுகிறது. அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். செலவு கிடையாது, கருவியும் வேண்டாம்.

இது முகம் சுளிக்க வேண்டிய பேச்சு இல்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி என்று தனிப் பரிசோதனையே உண்டு. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தையும் பார்ப்பார்கள். இன்றைய ஆய்வகச் சீட்டிலும் நிறமும் அடர்த்தியும் இடம்பெறத்தான் செய்கின்றன.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீர் மஞ்சளுக்குள் இருக்கும்வரை கேள்வி தண்ணீரைப் பற்றியது. மஞ்சளைத் தாண்டி சிவப்பு, பழுப்பு, கறுப்பு, பால் வெள்ளை என்று போய்விட்டால் அது தண்ணீர் குடித்துச் சரிசெய்கிற காரியம் இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டியது. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த எல்லையை வைத்துத்தான்.

முதல் படி: மஞ்சள் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழும். வயதானவை உடையும்போது அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து பிலிருபின் என்ற பொருளாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் திரும்ப ஏறி, சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது யூரோபிலின் என்ற மஞ்சள் நிறமியாகிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரிய நொதி எது என்பதே 2024-இல்தான் தெரிந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தையும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்து பிலிருபின் ரிடக்டேஸ் என்று பெயரிட்டார்கள். மனிதர் தினமும் பார்க்கிற ஒரு நிறத்தின் காரணம் இவ்வளவு காலம் முழுதாகத் தெரியாமல் இருந்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

நமக்கு வேண்டிய செய்தி இது: ஒரு நாளில் வெளியேறும் நிறமியின் அளவு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதோடு சேரும் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் அதே நிறமி கொஞ்ச நீரில் அடர்ந்து தெரிகிறது.

அந்தத் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும் சிறுநீரகத்தின் வேலை. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றிரண்டு லிட்டர் மட்டும்தான் சிறுநீராக வருகிறது, மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. வியர்த்து ரத்தத்தில் உப்புச் செறிவு கொஞ்சம் ஏறினாலும் மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். "தண்ணீரை விடாதே, திரும்ப எடு" என்று சிறுநீரகத்துக்குப் போகும் உத்தரவு அது. எவ்வளவு எடுத்தாலும் கழிவை வெளியேற்ற ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டராவது சிறுநீர் போயே ஆக வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கழிவு உள்ளே தேங்க ஆரம்பிக்கும்.

இரண்டாம் படி: சரியான நேரத்தில் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் காலை எழுந்ததும் பார்த்துவிட்டுப் பயந்துவிடுகிறார்கள். இரவு முழுக்கத் தண்ணீர் உள்ளே போவதில்லை. தூக்கத்தில் சிறுநீரகமும் நீரைச் சேமிக்கும். அதனால் காலையின் முதல் சிறுநீர் எல்லோருக்கும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும். அதை மற்ற நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். நேற்றைய காலையோடு இன்றைய காலையை ஒப்பிடுங்கள். வேலைக்குப் போகத் தொடங்கி நாலைந்து நாளில் காலை நிறம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தால், முந்தைய நாள் இழந்ததை இரவுக்குள் நீங்கள் ஈடுகட்டவில்லை என்று அர்த்தம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளமாகத் தோன்றுகிறது.

அப்புறம் மூன்று வேளை பார்த்தால் போதும்: வேலைக்குக் கிளம்பும் முன், மதியச் சாப்பாட்டுக்கு முன், வேலை முடிந்து வீடு சேர்ந்த பிறகு. இதில் மதியத்துக்கு முன் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். அப்போது தெரிந்தால்தான் அன்றைய பிற்பகலைக் காப்பாற்ற முடியும்.

இன்னொன்று. ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அரைமணி, ஒரு மணி நேரத்தில் பார்த்தால் நிறம் வெளிறித்தான் இருக்கும். அதனால் உடம்பு முழுக்க நீர் நிரம்பிவிட்டது என்று நினைக்கக் கூடாது. திடீரென்று வந்த நீரில் ஒரு பங்கைச் சிறுநீரகம் அப்படியே வெளியே விட்டிருக்கும். திசுக்கள் இன்னும் வறண்டே இருக்கலாம். அதனால் ஒரே ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அடுத்தடுத்து இரண்டு முறை என்ன நிறம் என்று பாருங்கள்.

மூன்றாம் படி: சரியாகப் பாருங்கள்

மேற்கத்தியக் கம்மோடில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரில் கலந்தால் எந்த நிறமும் வெளிறித்தான் தெரியும். நீல நிற டாய்லெட் கிளீனர் போட்டிருந்தால் பச்சையாகவே தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சமும் ஏமாற்றும். முதல் சில நாட்கள் மட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றில் பிடித்து, வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண் பழகிவிட்டால் டம்ளர் தேவைப்படாது, போகும்போதே தெரிந்துவிடும்.

நான்காம் படி: மஞ்சளின் படிநிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய குழுவும் 1994-இல் எட்டு நிறங்கள் கொண்ட ஓர் அட்டையை வெளியிட்டார்கள். விளையாட்டு வீரர்களுக்காக வந்த அந்த அட்டையின் வழித்தோன்றல்கள் இன்று பல நாடுகளில் வேலைத்தளக் கழிவறைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் சிலர் இதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மூன்று நிறங்கள் நல்ல நிலை, ஏழும் எட்டும் நீர் வற்றிய நிலை, நடுவில் உள்ளவை எச்சரிக்கை. அட்டை கையில் இல்லாவிட்டாலும் நம் வீட்டுப் பொருள்களை வைத்தே நிறத்தைச் சொல்லலாம்.

எலுமிச்சைச் சாறு சில துளி விட்ட தண்ணீர் போலவோ, காய்ந்த வைக்கோல் போலவோ இருந்தால் சரி. இப்போது குடிக்கிற அளவிலேயே தொடரலாம்.

நல்ல தெளிவான மஞ்சள் என்றால் பயமில்லை, ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டம்ளர் கூடுதலாகப் போக வேண்டும். வெயிலில் நிற்கிற ஒருவர் இந்த நிறத்தோடு மதியத்தைத் தொடங்கினால் மூன்று மணிக்குத் தலைவலியோடு உட்கார்ந்துவிடுவார்.

நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்கு வாருங்கள். அரைமணி நேரமாவது உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இந்த நிலையில் பெரும்பாலும் அளவும் குறைந்திருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும், போகும்போது எரிச்சலும் இருக்கும். நீர்க்கடுப்பு, உடம்புச் சூடு என்று நம் வீடுகளில் சொல்வது பல நேரம் இதைத்தான். நீர் ஏறியதும் எரிச்சல் போய்விட வேண்டும். மறுநாளும் எரிந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போலப் போனால் மிக நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதாவது ஒருமுறை அப்படிப் போவதில் தவறில்லை. நாள் முழுக்க அப்படியே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்றோ, வேறு ஏதோ கோளாறு என்றோ பொருள். இரண்டையும் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

நிறத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்: தாகம், எடை. காலையில் தாகமாக எழுந்தீர்களா? வழக்கமான காலை எடையைவிடக் குறைந்திருக்கிறதா? சிறுநீர் அடர்ந்திருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று மட்டும் என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு சேர்ந்தால் நீர் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய உறுதி.

எடை பார்க்கிற மெஷின் வீட்டில் இருந்தால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். ஒரே நாளில் குறைந்த ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 கிலோ குறைந்து வீடு திரும்பினால் உடல் எடையில் 2 சதவீதம் போய்விட்டது. அந்த அளவிலேயே கவனமும் கைவேகமும் குறையத் தொடங்கும். சாரத்தில் நிற்பவருக்கும் இரண்டு சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

எத்தனை முறை போகிறீர்கள் என்பதும் கணக்கு. காலை எட்டு மணிக்குப் போனவர் மதியம் இரண்டு மணிவரை ஒருமுறைகூடப் போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை என்றால் நிறத்தைப் பார்க்கவே தேவையில்லை. தண்ணீர் போதவில்லை.

ஆறாம் படி: குறைந்ததை எப்படி ஈடுகட்டுவது

கடும் வெயிலில் உழைக்கும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது: வெப்பத்தில் வேலை செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 240 மில்லி குடிக்க வேண்டும், அதாவது பெரிய டம்ளர் ஒன்று. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை எட்டக் கூடாது. இந்த மேல் எல்லையை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. உப்பு வியர்வையில் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். பார்ப்பவர்கள் அதையும் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். நிறமற்ற சிறுநீரோடு தலைவலியும் குமட்டலும் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

புதியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெயிலுக்குப் பழகாத உடம்பின் வியர்வையில் உப்பு அதிகம். ஒன்று, இரண்டு வாரத்தில் உடம்பு பழகி, வியர்வை முன்னதாகவே வரத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். அதனால்தான் புதியவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, தினமும் அதே அளவு கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். மேஸ்திரி ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கேள்வி, ஆனால் கேட்க வேண்டும். வெப்பத்தால் நேரும் சாவுகள் பெரும்பாலும் வேலையின் முதல் சில நாட்களில்தான் நடக்கின்றன.

எதைக் குடிப்பது? தண்ணீர்தான் முதலில். அதோடு உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை ஜூஸ் எல்லாம் அருமையானவை. பழைய சோற்றைத் தண்ணீரோடும் உப்போடும் சாப்பிட்டு வயலுக்குப் போனவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் வியர்வைக்கு அது மட்டும் போதாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடவே கூடாது. ஓரளவு டீ, காபி குடிப்பதால் நீர் வற்றாது. மது வற்றச் செய்யும்.

வாந்தி, பேதி, அல்லது சட்டையில் வெள்ளை உப்புக் கோடு விழும் அளவு வியர்வை என்றால் ஓஆர்எஸ் என்ற உப்பு, சர்க்கரைக் கரைசல் நல்லது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடிப்பது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் டெட்ரா பாக்கில் விற்ற சில இனிப்புப் பானங்களும் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைத் தாங்கி வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. வாங்கும்போது பின்பக்கம் படித்துப் பாருங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஓஆர்எஸ்ஸைத் தினசரிக் குடிநீராக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: ஏமாற்றும் நிறங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளீரென்ற மஞ்சளாகப் போகும். அதிலுள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின்தான் காரணம். கெடுதல் இல்லை, ஆனால் அன்றைக்கு நிறத்தை வைத்து நீர் அளவைச் சொல்ல முடியாது. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு இளஞ்சிவப்பாகப் போகும். சிவப்பு டிராகன் பழமும் அப்படியே. ஒருநாளில் சரியாகிவிடும்.

காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ரிஃபாம்பிசின் காரணமாக ஆரஞ்சும் சிவப்பும் கலந்து போகும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் விடுவது எவ்வளவு பெரிய கேடு என்பதைச் சிகிச்சை மையத்தில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

எட்டாம் படி: மஞ்சளைத் தாண்டினால்

இங்கேதான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

கோலா அல்லது பால் சேர்க்காத கடுங்காபி நிறம், கூடவே தொடை, முதுகு, தோளில் கடுமையான வலியும் பலவீனமும். வெயிலில் பழக்கமில்லாமல் அளவுக்கு மீறி உழைத்தவருக்கு இது வந்தால் தசை நார்கள் உடைந்து அவற்றிலுள்ள மையோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்திருக்கலாம். சிறுநீரகக் குழாய்களை அது அடைத்துச் செயலிழக்கச் செய்யும். உழைத்த அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்தும் தெரியலாம். ஜிம்மில் முதல் நாளே அளவு மீறிச் செய்தவர்களுக்கும் வருகிறது. வீட்டில் தண்ணீர் குடித்துப் பார்க்கிற நேரம் இது இல்லை. அன்றே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். நாள் முழுக்க வெயிலில் நின்று உடம்பு வலிக்கிறது என்று மாலையில் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அந்த மாத்திரைகள் இன்னும் குறைக்கும். அடர் மஞ்சளாகப் போகிற நாளில் அவற்றைத் தொடாதீர்கள். தினமும் தேவைப்படுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

அடர் பழுப்பு மஞ்சளாகப் போகிறது, தண்ணீர் குடித்தும் மாறவில்லை, கண் வெள்ளையில் மஞ்சள் தெரிகிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றால் மஞ்சள் காமாலையாக இருக்கலாம். மலம் வெளிறிப் போனால் பித்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். கீழாநெல்லி கொடுப்பவரிடம் போகும் முன் கல்லீரல் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். காமாலைக்குக் காரணங்கள் பல, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பீட்ரூட் போன்ற உணவோ மாத்திரையோ காரணம் இல்லாமல் இளஞ்சிவப்பு, சிவப்பு என்றால் ரத்தமாக இருக்கலாம். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் தாங்க முடியாத வலியோடு வந்தால் பெரும்பாலும் கல். வெயில் காலத்தில் கல் வருவது கூடும், ஏனென்றால் அடர்ந்த சிறுநீரில்தான் உப்புகள் படிகமாகும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டராவது சிறுநீர் போகும்படி குடிக்க வேண்டும். குடிக்கிற அளவு இல்லை, போகிற அளவு அது. வலியே இல்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போய் நின்றுவிட்டால் "சூடு, சரியாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். நாற்பதைக் கடந்தவர்களும் புகைப்பவர்களும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டே ஆக வேண்டும்.

குழந்தைக்குத் தொண்டை வலி வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள்ளோ, தோலில் சீழ்ப்புண் வந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள்ளோ சிறுநீர் கோலா நிறமாகி, காலையில் முகம் வீங்கினால் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

கலங்கலாக, நாற்றத்தோடு, எரிச்சலோடு, சொட்டுச் சொட்டாகப் போனால் கிருமித் தொற்று. காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. சோப்பு நுரை போல எழும்பிச் சில நிமிடம் ஆகியும் அடங்காமல், தினமும் அப்படியே இருந்தால் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பால் போல வெள்ளையாகப் போவது யானைக்கால் நோயின் கிருமி நிணநீர்க் குழாய்களை அடைத்ததால் வரலாம். கொழுப்பு அதிகமுள்ள சாப்பாட்டுக்குப் பிறகு அது கூடும்.

கடைசியாக, வெயிலில் ஒருவர் உளறுகிறார், தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் சிறுநீர் நிறம் எதுவாக இருந்தாலும் பொருட்டில்லை. நிழலில் கிடத்தி, உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108-ஐ அழையுங்கள். அது வெப்பவாதம்.

அடர்த்தியாகவே போய்க்கொண்டிருந்தால்

ஒருநாள் நல்லெண்ணெய் நிறத்தில் போனதால் சிறுநீரகம் கெட்டுவிடாது. வருடக்கணக்கில் தினமும் வற்றுவதுதான் பயம். நிகராகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் இளம் ஆண்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலேயே, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் அனுராதபுரம், பொலன்னறுவை பகுதி விவசாயிகளிடமும், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதைப் போன்ற நோய் பரவியிருக்கிறது. எல்லா இடத்துக்கும் காரணம் ஒன்றுதான் என்று மருத்துவ உலகம் முடிவு செய்யவில்லை. நிலத்தடி நீர், பூச்சிமருந்து எல்லாம் ஆராயப்படுகின்றன. மத்திய அமெரிக்க வயல்களைப் பொறுத்தவரை வெப்பமும் தினசரி நீரிழப்பும் முன்னணிக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அங்கே சில கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலையின் பகுதியாகவே ஆக்கினார்கள்.

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை. அங்கே போகிறவர்கள் இந்த நேரங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பெண்களுக்கு இதில் வேறொரு சுமை. வேலையிடத்தில் கழிவறை இல்லை அல்லது போகக் கூசும்படி இருக்கிறது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். சித்தாள் வேலை, உப்பளம், துணிக்கடை எங்கும் இதே கதைதான். தண்ணீரைக் குறைப்பதும் அடக்கிவைப்பதும் சேர்ந்து தொற்றுக்கு வழிவிடும். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமே குடிநீரும் கழிவறையும் கட்டாயம் என்றது. "நிறைய குடி" என்று சொல்லும் முதலாளி கதவுள்ள, தண்ணீருள்ள கழிவறையைக் கட்டித் தராதவரை அந்த அறிவுரைக்கு மதிப்பில்லை.

யாருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது

வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும், சிறுநீரகத்தின் அடர்த்தியாக்கும் திறனும் குறையும். அதனால் உடம்பு வற்றியிருந்தும் நிறம் இளமஞ்சளாகவே தெரியலாம். பாட்டி தாத்தாவுக்கு நிறம் பார்க்காமல் வேளைக்கு வேளை டம்ளர் கணக்கில் கொடுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் நிறம் இப்படியே ஏமாற்றும், ஆனால் எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதய நோய்க்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவை நிறத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது.

சர்க்கரை நோய் தனி வகை. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் ஏறினால் அது சிறுநீரில் கசியும், கசியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நிறம் வெளிறி, அளவு அதிகமாக இருக்கும். பார்த்தால் நீர் நிறைந்த உடம்பு போலத் தெரியும், உண்மையில் உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். ஓயாத தாகம், இரவில் பல முறை எழுந்து போவது, போன இடத்தில் எறும்பு மொய்ப்பது இதெல்லாம் இருந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

கைக்குழந்தைக்கு நிறத்தைவிட ஈரத்துணிக் கணக்கே நம்பகம். ஆறு மணி நேரமாகத் துணி நனையவில்லை, அழும்போது கண்ணீர் இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். பிறந்த முதல் சில நாளில் துணியில் செங்கல் தூள் போன்ற கறை தெரிவது பெரும்பாலும் யூரேட் உப்புதான். பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் மறைய வேண்டும்.

ஆய்வகச் சீட்டைப் படிக்க

சந்தேகம் இருந்தால் யூரின் ரொட்டீன் பரிசோதனை விலை மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். சீட்டில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி என்ற வரிதான் அடர்த்தி. சுத்தமான தண்ணீர் 1.000. சிறுநீர் பொதுவாக 1.005-க்கும் 1.030-க்கும் இடையில் இருக்கும். 1.010-க்குக் கீழே என்றால் நீர் தாராளம், 1.020-ஐத் தாண்டினால் குறைவு, 1.030-ஐ எட்டினால் நன்றாக வற்றியிருக்கிறீர்கள். சர்க்கரை கசிந்தால் இந்த எண் பொய்யாக ஏறலாம், அதனால் பக்கத்திலேயே உள்ள சுகர் வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்புமின் என்ற புரதத்துக்கு எதிரே நில், அதாவது இல்லை என்று இருப்பது நல்லது. பஸ் செல்ஸ் எனும் சீழ் அணுக்கள் நிறைய இருந்தால் தொற்று என்று சந்தேகிப்பார்கள். ரத்தம் என்ற இடத்தில் பாசிட்டிவ், ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இல்லை என்று வந்தால் மேலே சொன்ன தசைச் சிதைவு நினைவுக்கு வர வேண்டும். கடும் உழைப்பில் இருந்தவர் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

மாதிரி கொடுக்கும்போது முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கழுவி உலர்ந்த டப்பாவில் பிடியுங்கள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை என்றால் ஆய்வகம் தரும் மூடிபோட்ட டப்பாவில். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மாதவிடாய் நாள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்தைய நாள் பி-காம்ப்ளெக்ஸ், பீட்ரூட், காசநோய் மாத்திரை எதுவாவது எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.